இரவெல்லாம் ஓடும் மின்சாரம்

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று அமைந்த ஊர்களுக்கெல்லாம் பல தலைமுறைகளாக ஜீவனம் அளித்துவருவது தோல் தொழில் என்பதை யாவரும் அறிவர். அதே பிரதேசத்தில் சமீப காலமாக வேறொரு தொழிலும் காலூன்றி வருகிறது என்பதை அவ்வளவு பேர் கவனித்ததாகத் தெரியவில்லை. 2021ஆம் ஆண்டில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஆம்பியர் என்னும் பெயரில் விற்கப்படும் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்யும் பெரிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் அதே மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தொழிற்சாலைகள் ஒருபுறம் இருக்க, தோல் வியாபாரிகள், மருத்துவர்கள், ஆசிரியர்கள் ஆகியோர் வீட்டு முகப்புகளிலும் மின்சாரக் கார்கள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. வாங்குவோர், ஒருமுறை மின்னேற்றினால் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றும், மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். ஆனால் அந்த வண்டிக்கு இரவெல்லாம் மின்சாரம் கொடுக்கப்போகிற சுவரைப் பற்றியும், சுவருக்குள் ஓடும் கம்பியைப் பற்றியும், அக்கம்பியின் ஒரு கிளை சென்று சேரும் மண்ணைப் பற்றியும் விசாரிப்பவர்கள் மிகச் சிலர். என் அபிப்பிராயத்தில், முதன்முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான். செலவிட வேண்டிய பணத்தின் பெரும்பகுதியையும் அங்கேதான் செலவிட வேண்டும்.

2022 மார்ச் மாத இறுதியில் வேலூரில் நேர்ந்த துயரத்தை அந்நகரம் மறந்திருக்க நியாயமில்லை. புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவில் மின்னேற்றத்துக்கு இணைத்துவிட்டு உறங்கச் சென்ற ஒரு வீட்டில், வண்டி தீப்பற்றி, புகை உள்ளே நிறைந்து, தந்தையும் அவருடைய மகளும் மூச்சுத் திணறி மாண்டார்கள். அதே சமயத்தில் நாட்டின் வேறு பல இடங்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றியதாகச் செய்திகள் வரவே, மத்திய அரசாங்கம் நிபுணர் குழு ஒன்றை நியமித்தது. அதன் பயனாக ஏ.ஐ.எஸ். 156 என்னும் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1இலிருந்து ஒரு பகுதியும் 2023 மார்ச் இறுதியிலிருந்து மறுபகுதியும் அமலுக்கு வந்தன. மின்கலப் பெட்டிக்குள் உஷ்ணத்தை உணரும் கருவிகள் குறைந்தது நான்கு இருக்க வேண்டும், மின்னேற்றி குறித்த நேரத்துக்குப் பிறகு தானே நின்றுவிட வேண்டும் என்பன போன்ற நியமங்கள் அவற்றில் அடங்கும். விதிகள் வண்டியைத் திருத்தின. வீட்டைத் திருத்தும் பொறுப்பு வீட்டுக்காரரிடமே இருக்கிறது. ஜுவாலையைவிடப் புகை விரைவாக உயிரைக் குடிக்கும் என்பதையும், வெளியேற ஒரே வாசல் உள்ள வீட்டில் அவ்வாசலை அடைத்துக்கொண்டு எந்த வண்டியையும் மின்னேற்றத்துக்கு நிறுத்தலாகாது என்பதையும், வேறு எந்த நுட்பத்தையும் சொல்லுமுன் அழுத்திச் சொல்லிவிட விரும்புகிறேன்.

இனி மின்சாரத்தின் விஷயத்துக்கு வருவோம். நமது வீடுகளில் அதிக மின்சாரம் இழுக்கும் சாதனங்கள் புதியவை அல்ல. வெந்நீர் கெய்சர் 2000 வாட் இழுக்கிறது, ஆனால் கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. தண்ணீர் மோட்டார் அரை மணி நேரம் ஓடுகிறது. அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. யந்திரமோ விட்டு விட்டு ஓடுகிறது. மின்சாரக் காருடன் கொடுக்கப்படும் சாதாரண மின்னேற்றச் சாதனம் ஏறத்தாழ 3.3 கிலோவாட் சக்தியை, அதாவது 230 வோல்ட்டில் சுமார் 15 ஆம்பியரை, இடைவெளியே இல்லாமல் பல மணி நேரம் இழுத்துக்கொண்டிருக்கிறது. 2020இல் வெளிவந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் மின்கலம் 30.2 கிலோவாட் மணி, நாம் பேசும் வழக்கில் 30 யூனிட், கொள்ளக்கூடியது. அது முற்றிலும் வடிந்த நிலையிலிருந்து நிரம்ப ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். வீடு கட்டிய காலத்தில் பொருத்தப்பட்டு, இஸ்திரிப் பெட்டிக்கும் கிரைண்டருக்கும் மட்டுமே பயன்பட்டுவந்த ஒரு பிளக் பாயிண்ட், தன் ஆயுளில் ஒருநாளும் இத்தகைய பரீட்சைக்கு உட்பட்டதில்லை. கால் மணி நேரச் சூட்டைத் தாங்கி, பிறகு குளிர்ந்து, குறை வெளிப்படாமலே இருபது வருஷம் கழித்துவிட்ட இணைப்பு, ஒன்பது மணி நேரச் சூட்டில் தன் குறையை ஒரே இரவில் வெளிப்படுத்திவிடக்கூடும்.

இதன் காரணத்தை 1841ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். கம்பியில் பிறக்கும் உஷ்ணம் மின்னோட்டத்தின் அளவைப் பொறுத்து மட்டும் வளர்வதில்லை. அவ்வளவின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. திருகு தளர்ந்த ஒரு சாக்கெட்டில், பித்தளை வாய் பிளக்கின் காலைச் சரியாகக் கவ்வாததால், பத்தில் ஒரு ஓம் அளவுக்குத் தடை உண்டாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் பிறக்கும் சூடு 2.5 வாட், அதை ஒருவரும் உணரமாட்டார்கள். 15 ஆம்பியர் ஓடும்போதோ, மின்னோட்டம் மும்மடங்கானதற்குச் சூடு ஒன்பது மடங்காகி, 22.5 வாட் ஆகிவிடுகிறது. விரல் நகத்தளவு உலோகத்தில், காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள், இரவெல்லாம் அத்தனை சூடு பிறந்துகொண்டிருக்கிறது. சூட்டில் பித்தளை வாயின் வில்விசை தளர்கிறது. தளர்ந்ததால் தடை கூடுகிறது. தடை கூடியதால் சூடு மேலும் கூடுகிறது. இந்தச் சுழற்சியின் விசேஷம் என்னவென்றால், மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி. என்னும் தானியங்கி விசை இதை அறியவே அறியாது. அது அளப்பது மின்னோட்டத்தை மட்டுமே. மின்னோட்டம் என்றும் போல 15 ஆம்பியராகத்தான் இருக்கிறது. ஆகவே சாக்கெட் உருகிக் கருகும்வரையில் அது கைகட்டி நிற்கும். எம்.சி.பி. போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக உறங்குபவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோல் நகரங்களில் இந்த அபாயத்துக்கு உள்ளூர்க் காரணங்களும் துணைசேர்கின்றன. பச்சைத் தோல்கள் உப்பிட்டே வருகின்றன. உப்பை உதறும்போது எழும் தூசி காற்றில் பரவுகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டும்போது தானாகவே நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும் இயல்புடையது. ஐப்பசி கார்த்திகை மாதங்களின் இரவுகளில் அந்த ஈரப்பதம் எளிதாக உண்டாகிறது. அவ்வாறு கசிந்த உப்புநீர் பித்தளைக்கும் தாமிரத்துக்கும் பரம சத்துரு. மயிர் நீக்குவதற்காகச் சுண்ணாம்புடன் சேர்க்கப்படும் சோடியம் சல்பைடு கலந்த கழிவு, அமிலம் கலந்த கழிவைச் சந்திக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நாற்ற வாயு எழுகிறது. வெள்ளிக் கொலுசைக் கறுக்கச் செய்யும் அதே வாயு, தாமிர இணைப்புகளின் மேல் மின்சாரத்தைச் செவ்வனே கடத்தாத கரிய படலம் ஒன்றைப் படியவைக்கிறது. தோல் ஷாப்புகளுக்கு அருகே வீடு அமைந்தவர்கள், காருக்கான சாக்கெட்டைத் திறந்த போர்ட்டிகோவில் மூடியின்றி வைக்காமல், ரப்பர் விளிம்பும் மூடியும் உள்ள கூட்டுக்குள் வைப்பது நலம். கம்பி நுனிகளை வெறுமனே முறுக்கித் திருகுக்கடியில் சொருகுவதை விட்டு, தகரப்பூச்சுள்ள லக் என்னும் உலோக முனையைப் போட்டு அழுத்தி இறுக்கினால், காற்றுப் புக இடமில்லாத அந்த இணைப்பு வாயுவுக்கும் உப்புக்கும் நெடுங்காலம் ஈடுகொடுக்கும்.

கம்பியின் பருமனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெயின் போர்டிலிருந்து கார் ஷெட் 30 மீட்டர் தூரத்தில் இருந்தால், போகவும் வரவும் 60 மீட்டர் கம்பி ஆகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் இத்தனை நீளத்தின் தடை ஏறத்தாழ அரை ஓம். 15 ஆம்பியர் ஓடினால் நூறு வாட்டுக்கு மேற்பட்ட சக்தி, பயன் ஒன்றுமின்றிச் சுவரைச் சூடாக்குவதில் செலவாகிறது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இந்த நஷ்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மேலும், பி.வி.சி. உறையிட்ட கம்பியின் கொள்ளளவை 30 டிகிரி சுற்றுப்புற வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தால், 45 டிகிரியில் அந்தக் கொள்ளளவு நூற்றுக்கு 79 ஆகக் குறைந்துவிடுகிறது. பாறைக் குன்றுகள் சூழ்ந்த வேலூரில் சித்திரை வைகாசிப் பகல்கள் 40 டிகிரியைத் தாண்டுவது அதிசயமல்ல; தகரக் கூரைக்கடியில் ஓடும் குழாய்க்குள் இருக்கும் கம்பி அதைவிட அதிகமான சூட்டில் இருக்கும். ஆதலால் புத்தகக் கணக்குக்கு ஒரு படி மேலான பருமனில், வேறு எந்தச் சாதனமும் பங்குகொள்ளாத தனிக் கம்பியை மெயின் போர்டிலிருந்தே இழுத்து, அதற்குத் தனி எம்.சி.பி. வைப்பதுதான் இங்கே முறை. நீட்டிப்புப் பெட்டியையும் சுருட்டிய ஒயரையும் கொண்டு காரை மின்னேற்றுவதை நான் ஒருக்காலும் ஒப்பமாட்டேன்.

சுவரில் மாட்டும் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பலர் அறிய ஆவல்கொள்வதுண்டு. மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி மின்கலத்துக்குள் செலுத்தும் யந்திரம் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப்பெட்டியும், ஒயரின் நடுவில் தொங்கும் சிறு பெட்டியும், மின்சாரத்தை அனுமதிக்கவும் மறுக்கவும் அதிகாரம் பெற்ற காவல் சாதனங்களே. அந்தக் காவல் வெகு நயமாக நடைபெறுகிறது. பிளக்கைக் காரில் சொருகியதும் மின்சாரம் பாய்ந்துவிடுவதில்லை. மெல்லிய தனிக் கம்பி ஒன்றில் 12 வோல்ட் அழுத்தம் மட்டுமே நிற்கிறது. கார் இணைக்கப்பட்டதும் அதிலுள்ள தடை ஒன்று அந்த அழுத்தத்தை 9 வோல்ட்டுக்கு இறக்குகிறது. பெட்டி அதை உணர்ந்து, வினாடிக்கு 1000 முறை ஏறி இறங்கும் சதுர அலை ஒன்றை அனுப்பி, தான் கொடுக்கக்கூடிய மின்னோட்டம் இவ்வளவு என்று தெரிவிக்கிறது. ஒவ்வோர் அலையிலும் அழுத்தம் ஏறி நிற்கும் நேரம் நூற்றுக்கு 27 பங்கானால் 16 ஆம்பியர் என்றும், 53 பங்கானால் 32 ஆம்பியர் என்றும் பொருள். கார் அதற்கு உடன்பட்டுத் தன் பங்குக்கு அழுத்தத்தை 6 வோல்ட்டுக்கு இறக்கிய பின்னரே, பெட்டிக்குள் உள்ள தொடர்பு மூடிக்கொண்டு 230 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. நடுவில் யாரேனும் பிளக்கை இழுத்தாலும், கம்பி அறுந்தாலும், எர்த் இல்லாமற்போனாலும் பெட்டி தன் தொடர்பைத் துண்டித்துவிடும். மழையில் நனைந்த கையோடு காரின் பிளக்கைத் தொட்டாலும் அச்சமில்லாமைக்கு இந்தச் சம்பாஷணைதான் காரணம்.

இங்கேதான் நம் பழைய வீடுகளில் சங்கடம் தோன்றுகிறது. புதுக் கார் வந்த அன்று மின்னேற்றப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. வீட்டில் சரியான எர்த் இல்லை என்று அது அறிவிக்கிறது. பெட்டி பழுதென்று எண்ணிப் பலர் சலித்துக்கொள்கிறார்கள். உடனே வரும் ஒயர்மேன் சிலர், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் விரல் நீளக் கம்பி ஒன்றால் இணைத்துவிடுகிறார்கள், சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு எரிகிறது, வீட்டார் மகிழ்கிறார்கள். இதைவிடக் கொடிய உபகாரம் வேறில்லை. சாதாரணமாக நியூட்ரல் கம்பியில் அழுத்தம் இல்லாதது போலத் தோன்றுவது, அது தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மரோடு தொடர்ச்சியாக இணைந்திருக்கும் வரையில்தான். கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ அந்த நியூட்ரல் இணைப்பு ஒருநாள் விட்டுப்போனால், வீட்டில் ஓடும் சாதனங்களின் வழியாக 230 வோல்ட் திரும்பி வந்து, அச்சிறு கம்பியின் மூலம் காரின் உடல் முழுவதிலும் ஏறி நிற்கும். கார் ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்பதால் அந்த மின்சாரம் தரைக்கு இறங்க வழி இல்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடும் குழந்தைதான் அதற்கு வழியாக வேண்டியிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் பெட்டி தன் கடமையைச் செய்கிறது என்று கொள்ள வேண்டும். அதன் வாயை அடைக்காமல், மண்ணைச் சீர்செய்ய வேண்டும்.

மண்ணின் விஷயம் விரிவாகச் சொல்லத் தகுந்தது. எர்த் கம்பி போட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நாம் கேள்விப்பட்டு வளர்ந்திருக்கிறோம். கணக்குப் பார்த்தால் அது பாதி உண்மை என்று தெரியும். ஓரளவு ஈரமும் களிமண்ணும் உள்ள பூமியில் 3 மீட்டர் நீளமுள்ள கம்பியொன்றை அடித்து இறக்கினால், அதன் தடை சுமார் 33 ஓம் ஆகும். காரின் உடலில் பேஸ் கம்பி தவறிப் பட்டுவிட்டால், 230 வோல்ட்டை 33 ஓமால் வகுக்கக் கிடைக்கும் 7 ஆம்பியர் மின்னோட்டமே மண்ணுக்குள் இறங்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது, காரின் உடலோ அபாயகரமான அழுத்தத்தில் நின்றுகொண்டே இருக்கும். வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளின் அடிவாரம் போன்ற பாறை நிலத்தில் அந்தத் தடை பத்து மடங்காகி 330 ஓம் ஆகலாம்; அப்போது ஓடும் மின்னோட்டம் முக்கால் ஆம்பியர்கூட இல்லை. எர்த்தும் எம்.சி.பி.யும் மட்டும் சேர்ந்து இங்கே உயிரைக் காப்பாற்ற இயலாது. காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம்: போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கண்டதும், கண் இமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. 330 ஓம் தடையுள்ள பாறை மண்ணிலும் 30 மில்லி ஆம்பியர் ஓடும்போது காரின் உடலில் ஏறும் அழுத்தம் 10 வோல்ட்டே. அது ஒருவரையும் வருத்தாது. சுமாரான எர்த்தும் நல்ல ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்தால் போதிய பாதுகாப்பு உண்டு என்பதும், மிகச் சிறந்த எர்த் மட்டும் தனித்து நின்றால் போதாது என்பதும் இந்தச் சிறு கணக்கிலிருந்து விளங்கும்.

ஆர்.சி.சி.பி. வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஏ.சி. வகை, மாறுதிசை மின்கசிவை மட்டுமே உணரும். காருக்குள் நேர்மின்சாரம் உற்பத்தியாவதால், அங்கே பழுது நேர்ந்தால் கசிவதும் நேர்மின்சாரமாக இருக்கலாம். அது சில மில்லி ஆம்பியர் அளவில் கசிந்தாலும் ஆர்.சி.சி.பி.யின் காந்த வளையத்தைத் திகைக்கச் செய்து, உண்மையான அபாயம் வரும்போது அது செயலற்றுப்போகும்படி செய்துவிடும். ஆகையால் குறைந்தபட்சம் ஏ வகையை வாங்க வேண்டும். அதோடு, 6 மில்லி ஆம்பியர் நேர்மின்கசிவை உணர்ந்து நிறுத்தும் வசதி மின்னேற்றப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். நெடுங்காலம் அசையாத விசை ஒட்டிக்கொள்வதுண்டு.

தோல் வட்டாரத்து மண்ணுக்கு மற்றொரு குணமும் உண்டு. பல்லாண்டுகளாகத் தோல் கழிவுநீர் இறங்கியதால் பாலாற்றுப் படுகையின் நிலமும் நிலத்தடி நீரும் உவர்த்துப்போனதை வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொல்லியிருக்கிறது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வு விவரமும் அதில் இடம்பெற்றது. உழவருக்குக் கண்ணீர் தந்த அந்த உவர், மின்சாரத்தைக் கடத்துவதில் மாத்திரம் சுலபமாக நடந்துகொள்கிறது. அத்தகைய மண்ணில் எர்த் குழியின் தடை எளிதில் குறைந்துவிடும். ஆனால் அதே உவர் துத்தநாகப் பூச்சை அரித்து இரும்புக் குழாயைச் சில வருஷங்களில் தின்றுவிடுவதால், மேலே பார்க்கக் குழி குழியாகவே இருக்க, அடியில் தொடர்பு அற்றுப்போயிருக்கும். எர்த் குழியில் உப்பும் அடுப்புக்கரியும் கொட்டும் வழக்கம் பாறை நிலத்துக்கு ஏற்றது. உவர் நிலத்தில் மேலும் உப்பைக் கொட்டுவது அரிப்புக்கு விருந்து வைப்பதாகும். அங்கே தாமிரப் பூச்சுள்ள கம்பியையும், அதைச் சுற்றி ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண்ணையும் பயன்படுத்துவது உசிதம். எங்கே குழி தோண்டினாலும், மண் மிகவும் காய்ந்திருக்கும் வைகாசியில் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து பார்ப்பதே நேர்மையான அளவு.

அடுத்தது இடம். ஆம்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் செருப்புக்கும் ஷூவுக்கும் மேல்தோல் தைக்கும் வேலை வீடுகளிலேயே பெண்களால் பெரிதும் நடைபெறுகிறது. பசை டப்பாக்களும் தின்னர் டப்பாக்களும் திண்ணையிலோ போர்ட்டிகோவின் மூலையிலோ அடுக்கப்பட்டிருப்பது சகஜம். அவற்றிலிருந்து எழும் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகவே அது மேலே போய்க் கலையாமல், தரையோடு தரையாகப் படர்ந்து தாழ்வான இடத்தில் தேங்குகிறது. பிளக்கை இழுக்கும்போதும் தொடர்பு மூடித் திறக்கும்போதும் சிறு பொறி உண்டாவது இயல்பு. வீட்டு இன்வெர்ட்டரின் ஈய மின்கலமோ மின்னேறும்போது ஹைட்ரஜனை விடுகிறது; அது காற்றைவிட இலேசாகையால் கூரைக்கடியில் சேர்கிறது; காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளத்தக்கது. ஒன்று கீழே தேங்குவது, மற்றொன்று மேலே சேர்வது. இரண்டையும் கார் மின்னேறும் இடத்திலிருந்து விலக்கி வேறு அறைக்கு மாற்றிவிடுவதைத் தவிரச் சமாதானம் ஏதுமில்லை. இடவசதி இல்லாத வீட்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால், பசை டப்பாக்களே வெளியேற வேண்டும்.

மின்கலத்தை எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் நிரப்பலாம் என்னும் கேள்விக்கு விடை தோல் ஷாப்பிலேயே இருக்கிறது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட அந்தக் காலத்தில், தோலை முதலில் நீர்த்த சாற்றில் ஊறவைத்து, பிறகு படிப்படியாகக் கெட்டியான சாறுள்ள தொட்டிகளுக்கு மாற்றுவார்கள். எடுத்த எடுப்பிலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். லித்தியம் மின்கலத்தின் கிராபைட் தகட்டுக்குள் லித்தியம் அயனிகள் புகுவதும் இவ்வாறே ஊறிச் செல்லும் காரியம்; அவை உள்ளே ஊறும் வேகத்தைவிட அதிக வேகத்தில் செலுத்தினால், புக இடமின்றி மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து, மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். நிரம்ப நிரம்ப இடம் குறைவதால் 80 சதவீதத்துக்குப் பிறகு நெடுஞ்சாலை அதிவேக மின்னேற்ற நிலையங்களும் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. வீட்டில் இரவெல்லாம் மெதுவாக மின்னேற்றுவது, மின்கலத்தைப் பொறுத்தவரை மிகச் சாந்தமான உபசாரம். வெப்பமும் முழு நிரப்பும் சேர்ந்தால் உள்ளே ரசாயனச் சிதைவு துரிதப்படுகிறது. ஆகவே வெயிலில் நின்ற கார் ஷெட்டுக்கு வந்ததும் மின்னேற்றாமல், இரவு பத்து மணிக்குமேல் தொடங்கும்படி நேரத்தைக் குறித்துவிடுவதும், தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு பூசி, சுவரின் மேலும் கீழும் காற்றுப் போக இடம் விடுவதும் நல்ல பயனளிக்கும். தோல் கண்காட்சிக்கென்றோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றோ வாரக்கணக்கில் ஊரைவிட்டுப் போகிறவர்கள், மின்கலத்தைப் பாதி அளவில் வைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போவதே முறை.

பெரிய சுவர்ப்பெட்டி வேண்டுமா என்ற விஷயத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், போய்வர 100 கிலோமீட்டருக்கு நடுத்தரக் கார் ஒன்று சுமார் 15 யூனிட் செலவழிக்கும், 3.3 கிலோவாட் சாதனம் அதை ஐந்து மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். தினமும் இதற்கு மேல் ஓடாத குடும்பத்துக்கு 32 ஆம்பியர் இழுக்கும் 7.2 கிலோவாட் பெட்டி அவசியமில்லை. அந்தப் பணத்தில் தனிக் கம்பியும், நல்ல சாக்கெட்டும், ஆர்.சி.சி.பி.யும், எர்த் குழியும் செய்துகொண்டால் வீடு முழுவதற்கும் அது நன்மை. சொந்த வீட்டில் இருக்கும் மின்இணைப்பிலேயே காரை மின்னேற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகள் கூறின. ஆயினும் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாவிட்டால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து அதை உயர்த்திக்கொள்ள வேண்டும், பெரிய பெட்டி வைப்போர் மும்முனை இணைப்புக்கு மாறுவதும் நலம்.

கடைசியாக, சாதனத்தைப் பேணி வைக்கும் முறை. மின்னேறும்போது ஒயரைச் சுருளாக வைக்கலாகாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் நடுவில் சேரும். வேலை முடிந்தபின், முறுக்கு விழாமல் அகன்ற வளையங்களாகச் சுற்றி, பழைய டயர்த் துண்டு போல் வளைந்த அகலமான கொக்கியில் மாட்ட வேண்டும். ஆணியில் தொங்கவிட்டால் அந்த ஒரே இடத்தில் உறை நசுங்கும். பிளக்கின் முகத்துக்கு மூடி போட்டுவைத்தால் உப்புத் தூசியும், குளவி கட்டும் மண்ணும், எறும்பும் உள்ளே போகா. தரையில் போட்டு வைப்பது எலிக்கும் பெருச்சாளிக்கும் அழைப்பு விடுப்பதாகும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைக் கண்ட ஊர்களில், சாக்கெட்டும் பெட்டியும் அன்று தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேலேயே பொருத்தப்பட வேண்டும். தண்ணீர் ஏறிவிட்ட சாதனத்தை, வெயிலில் காயவைத்தோம் என்ற தைரியத்தில் மறுபடி இணைக்கலாகாது. அக்கினி நட்சத்திரம் தொடங்குமுன் வருஷத்துக்கு ஒருமுறை, காரை ஒரு மணி நேரம் மின்னேற்றிய பிறகு விசையை அணைத்து, பிளக்கை உருவி, அதன் முதுகையும் சாக்கெட்டின் முகத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: இளஞ்சூடு இருந்தால் குறையில்லை, கை பொறுக்காத சூடோ, கால்களில் கரிய நிறமோ தென்பட்டால், தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்துச் சாக்கெட்டை மாற்றி, கம்பி நுனிகளைப் புதிதாக வெட்டி, லக் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், அது முடியும்வரை அந்தச் சுவரில் காரை இணைக்க வேண்டாம்.